என் தங்கை முயலாக இருந்த ஒரு நாள்

சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலை எடுத்தார், பிறகு மோர்மிளகாயை எடுத்தார், கடைசியாக என் தங்கையின் சாதகக் குறிப்பை எடுத்தார். ஒடியலும் மோர்மிளகாயும் குப்பைத்தொட்டிக்குப் போயின. குறிப்பின் நான்கு மூலையிலும் அம்மா பூசியிருந்த மஞ்சளை அவர் விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, "இது என்ன செடி?" என்று கேட்டார். "செடி இல்லை ஐயா, என் தங்கையின் தலைவிதி" என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, தலைவிதியை மட்டும் நாட்டுக்குள் விட்டார்.

அந்தக் குறிப்பைக் கொண்டுவரத்தான் யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியாரான நான் கடல் கடந்தேன். அது 1976ஆம் ஆண்டு. தங்கை தவமணி லண்டனில் தாதிப் பயிற்சி முடித்து, சிட்னியில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மெங் என்ற மலேசியச் சீனப் பொறியியலாளரைக் கட்டப்போகிறேன் என்று எழுதினாள். எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அம்மா வாயைத் திறந்தார்.

"தம்பி, சீனருக்குச் செவ்வாய்க் குற்றம் எண்டு ஒண்டு இருக்கோ?"

தவமணிக்கு எட்டில் செவ்வாய். அந்த ஒரு காரணத்துக்காக ஏழு சம்பந்தம் வாசல் படலையோடு திரும்பிப் போயிருந்தது. "இருக்காது எண்டுதான் நினைக்கிறன்" என்றேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பல வருடமாகக் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. மெங்கின் அம்மா மெல்போர்னில் மகள் வீட்டில் இருந்தார். பெண் பிறந்த நாளையும் நேரத்தையும் சீன முறைப்படி பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டாராம். நேரம் இருப்பது குறிப்பில். குறிப்பைத் தபாலில் அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. "நீயே கொண்டுபோ. அந்த மனிசி முழுமனசாய் ஓமெண்டால் நானும் ஓம். முகத்தைச் சுழிச்சால் பிள்ளையைக் கையோடை கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினார். தவமணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதாம்! ஐந்து வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

தவமணி சிட்னியின் புறநகரான லிட்கம்மில் வேறு இரண்டு தாதியரோடு குடியிருந்தாள். வந்த மறுநாள் அவள் வேலைக்குப் போய்விட, நான் தனியாக நகரம் பார்க்கப் புறப்பட்டேன். ரயில் கதவுகள் ஓடும்போதே ஆவென்று திறந்து கிடந்தன. காற்று சுகமாக வீச, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது நகரத்தைக் காணவில்லை. எதிர்த் திசை ரயிலில் ஏறியிருக்கிறேன். ஊர்ப் பலகையில் செவன் ஹில்ஸ் என்று இருந்தது. ஏழுமலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால், பெருமாளும் இல்லை, மலையும் இல்லை. வரிசையாகத் தொழிற்சாலைகள்.

சாப்பாட்டுப் பெட்டியோடு நின்ற ஒரு தொழிலாளி என்னை மேம்பாலத்தால் மறுபக்க மேடைக்குக் கூட்டிப்போனார். நான் விழித்த விழியைப் பார்த்துத் தன்னுடைய 'பை' என்ற இறைச்சிப் பணியாரத்தில் பாதியைப் பிய்த்துக் கையில் வைத்தார். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது தெரியாமல் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் என்றால் இந்த உதவிக்கு முன்னால் எந்த ஊர், யாருடைய மகன் என்று ஏழு தலைமுறையை விசாரித்திருப்பார்கள். இந்த மனிதர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கிரிக்கெட் பார்ப்பாயா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடியவே மூவரும் மெல்போர்னுக்குப் புறப்பட்டோம். கார் மெங்குடையது, ஓட்டியது தவமணி. மெங் பக்கத்தில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாக அவளிடம் நீட்டிக்கொண்டே வந்தான். அமைதியான பையன், முகம் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். அவன் வரைபடத்தைப் பார்த்து இடப்பக்கம் என்றால் அவள் வலப்பக்கம் திருப்பினாள். பெரும்பாலும் அவள் திருப்பியதுதான் சரியாக இருந்தது.

பாதி வழியில், சுற்றிவர ஆடுகளைத் தவிர வேறு உயிரே இல்லாத இடத்தில், காரின் விசிறிப் பட்டி அறுந்து ஆவி கிளம்பியது. அவ்வழியே வந்த தாடிக்கார லொறி ஓட்டுநர் ஒருவர் குனிந்து பார்த்து, உரமான துணி இருந்தால் அடுத்த ஊர் வரை சமாளிக்கலாம் என்றார். நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். என் பட்டுவேட்டியின் கரை தவமணியின் கையில் இருந்தது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, பிள்ளை!"

"கேட்டிருந்தால் மாட்டன் எண்டிருப்பியள். பிறகும் கிழிச்சுத்தான் இருப்பன். நேரம் மிச்சம், அண்ணை."

சம்பந்தம் பேசும்போது உடுத்தவென்று கொண்டுவந்த வேட்டி இருபது மைல் காரை இழுத்தது.

மெல்போர்ன் வீட்டு வாசலில் லோ அம்மா நின்றார். அதுதான் மெங்கின் அம்மா. குள்ளமான உருவம், கறுப்புக் காற்சட்டை, வெட்டிவிட்ட நரைமுடி. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் கையை வீசி அதை நிறுத்தினார்.

"வா மாஸ்டர், ஒக்காரு. சாப்ட்டியா?"

தமிழ்! ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் கடை நடத்தியவராம். வாடிக்கையாளர் எல்லோரும் தமிழர். மரியாதை விகுதி மட்டும் அந்தக் கடையில் விற்பனைக்கு இருக்கவில்லை போலும். எல்லோரும் அவருக்கு நீதான். மெங் எனக்கு முன்கூட்டியே சொல்லாமல் வைத்திருந்து, என் முகத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரவுச் சாப்பாட்டில் இஞ்சி போட்டு அவித்த முழு மீனின் தலையை அவர் என் பக்கம் திருப்பி வைத்தார். அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று தவமணி காதுக்குள் சொன்னாள்.

சனிக்கிழமை மெங்கும் தவமணியும் கடற்கரைக்குப் போயிருந்தபோது, லோ அம்மா ஒரு தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். "பொண்ணு எப்போ பொறந்தா? இங்கிலீஷ் தேதி, மணி. நல்லாப் பாத்து எழுது."

கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது! குறிப்பில் தை மாதம் இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை, சூரியன் உதித்து நாற்பத்தைந்தரை நாழிகை என்று இருந்தது. அந்த வருடம் பொங்கல் ஜனவரி பதினான்கு. அப்படியானால் தை இருபத்தாறு, பெப்ரவரி எட்டு. லோ அம்மாவின் நூறு வருட நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். எட்டாம் தேதி வியாழன்தான். நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம் என்று பெருக்கி, ஆறரை மணி உதயத்தோடு கூட்டினேன். எட்டாம் தேதி, நடுச்சாமம் கழிந்து பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்று முத்துமுத்தாக எழுதிக் கீழே கோடும் போட்டேன். வகுப்பில் என்றால் எனக்கு நானே நூறு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஞாயிறு மெல்போர்னில் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. காதலர் இருவரும் சினிமாவுக்குப் போக, லோ அம்மாவும் நானும் டிராமில் லிட்டில் பர்க் வீதிக்குப் போனோம். தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அதில் தொங்கினேன். அது ஓட்டுநருக்கு அடிக்கும் மணிக்கயிறு. யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, டிராம் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. ஐந்தாவது தரிப்பில் லோ அம்மா என் கையைக் கயிற்றிலிருந்து பிரித்தெடுத்தார்.

சீனப் புத்தாண்டு பிறந்து ஒன்பதே நாள். டிராகன் ஆண்டு என்று வீதி முழுக்கச் சிவப்புத் தாள் தொங்கியது. பூட்டிய மருந்துக்கடை ஒன்றின் பின்னறையில் சாதகம் பார்க்கும் ஃபூங் கிழவர் காத்திருந்தார். சுற்றிவர வேர்களும் காய்ந்த பூரான்களும் போத்தலில் இருந்தன. அவர் சீனத்தில் சொல்ல, லோ அம்மா எனக்குத் தமிழில் சொன்னார்.

"நாலு தூணு, மாஸ்டர். வருஷம், மாசம், நாளு, மணி. நாள் தூணுதான் அவ. மத்ததெல்லாம் அவளச் சுத்தி இருக்கிற ஊரு."

பெரும்பாலான சாதகம் சாதாரணம்தானாம். மரம், தீ, மண், உலோகம், நீர் ஐந்தையும் நிறுத்துப் பார்த்து, குறைந்ததைக் கூட்டு, கூடியதைக் குறை என்று சொல்லிவிடலாம். சில சாதகங்களில் அந்தச் சட்டம் தலைகீழாகிவிடும். தீயே நிறைந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் விறகு போட வேண்டும். அப்படி ஒன்றுக்கு 'மேலெழும் சுவாலை' என்று பெயர். மண்ணே நிறைந்தது 'விதைப்பும் அறுப்பும்'. எனக்குக் கேட்கக் கேட்கக் குஷியாகிவிட்டது. நீசமான கிரகமே ராஜயோகம் தருவதில்லையா நம்முடைய சாத்திரத்தில்? இரண்டு ஊர்க் கிழவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

கிழவர் தூரிகையால் எழுதிக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு மேசையில் ஓங்கி ஓர் அடி. பூரான் போத்தல் துள்ளியது.

"ஐயோ மாஸ்டர்!" லோ அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "முயல் வருஷம், புலி மாசம், முயல் நாளு. எல்லாம் மரம்! நடுவுல அவ ஒரு புடி மண்ணு. இந்த மண்ணு சண்ட போடாது. கைய விட்டுடும். மரம் போற பக்கம் போகும். மண்ணாப் பொறந்த பொம்பளைக்கு மரம் யாரு? புருஷன்! இதுக்குப் பேரு பின்னாடி போற அமைப்பு. ரொம்ப அபூர்வம். புருஷன் சொல்ற வழியிலயே போவா!"

என் பட்டுவேட்டிக் கரை ஒரு கணம் கண்முன் வந்து போனது. ஆனால் கிழவர் சிரிக்கிறார், லோ அம்மா சிரிக்கிறார், எனக்கென்ன, நானும் சிரித்தேன். லிட்கம்மில் ஒரு தவமணி, சாத்திரத்தில் ஒரு தவமணி இருக்கட்டுமே!

கிழவர் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் பேசினார். பெண் சாதகத்தில் அவர் பார்க்கப் பயப்படுவது ஒன்றே ஒன்றாம், ஃபூய்கொங். அறுபது நாள் சுற்றில் நான்கே நாள், இரண்டு டிராகன் நாள், இரண்டு நாய் நாள். அந்த நாளில் ஆண் பிறந்தால் தளபதி, நீதிபதி. பெண் பிறந்தால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், புருஷனுக்கு ஆயுளும் குறைவு. நம் செவ்வாய்க் குற்றத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

"இந்த முயலுக்கு அடுத்த நாளே அந்த டிராகன்தான்னு சொல்றாரு. ஒரே நாள்ல தப்பிச்சிட்டா" என்றார் லோ அம்மா. இதை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் வாட்டிய வாத்து. லோ அம்மா தன் கையிலிருந்த பச்சைக்கல் வளையலைச் சோப்பு போட்டுக் கழற்றித் தவமணியின் கையில் மாட்டினார். நான் அம்மாவுக்கு அனுப்பத் தந்தி வாசகமே எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை குசினிக்குள் போனால் மேசையில் கேக். அதில் மெழுகுதிரி. மெங் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். என்ன அண்ணை, தங்கச்சி பிறந்த நாளும் தெரியாதே?"

எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்வார்களே தவிர, இங்கிலீஷ் தேதிக்கு யார் கேக் வெட்டினார்கள்? "இண்டைக்கு என்ன தேதி?" என்றேன்.

"ஒன்பது. பாஸ்போட்டிலையும் ஒன்பதுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு நாள் மாறுவது சூரிய உதயத்தில். வியாழன் நடுச்சாமம் தாண்டி ஒரு மணிக்குப் பிறந்தாலும் குறிப்பில் வியாழன்தான். ஆனால் இங்கிலீஷ்காரனுக்கு அப்போது வெள்ளி பிறந்துவிட்டது, தேதி ஒன்பது. சீனருக்கோ இரவு பதினொன்றுக்கே நாள் மாறிவிடுமாம். எட்டாம் தேதி எழுதிக் கீழே கோடும் போட்ட கணக்கு வாத்தியாரை நினைத்து எனக்கே அடிக்க வேண்டும் போல இருந்தது. முயலுக்கு அடுத்த நாள். டிராகன். ஃபூய்கொங்.

தவமணியைப் பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுழல் கம்பிக்கு அடியில் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. நான் வாயைத் திறக்காட்டில் கலியாணம் நடக்கும்" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆசை இருந்தது. எட்டாவது சம்பந்தமும் என் கையால் குழம்பினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அவள் வளையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு மெங் வேணும், அண்ணை. ஆனால் உயிர் உள்ளளவும் முயலாய் நடிக்க என்னாலை ஏலாது. நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

நான்தான் சொன்னேன். கேக்குக்கு முன்னால் நின்று, நாழிகையிலிருந்து தொடங்கி, பெருக்கிய கணக்கு, விட்ட பிழை, எல்லாம். மெங் எரிகிற மெழுகுதிரியைக் கேக்கிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடியே நின்றான். தவமணி வளையலைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை. லோ அம்மா எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாள் வெட்டத் தொடங்கினார். டக் டக் டக். பத்துப் பேருக்குப் போதுமான வெங்காயத்தாள் வெட்டினார். பிறகு கத்தி நின்றது.

"நான் என்ன நாளு, தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது."

"டிராகன் நாளு. ஃபூய்கொங். கல்யாணம் பேசறப்ப எங்க அப்பா ஒரு நாள் முன்னாடி எழுதிக் குடுத்துட்டாரு. நீ தெரியாம எழுதின. அவரு தெரிஞ்சே எழுதினாரு. நாப்பது வருஷம் நான் முயலு."

மெங்குக்கு வாய் பிளந்துவிட்டது. அவனுக்கே இது புதுச் செய்தி.

"அவருக்குக் காச்சல் வந்தா, என்னாலதான்னு பயப்படுவேன். இருமினா பயப்படுவேன். யார்கிட்ட சொல்றது? அவரு எழுவத்தஞ்சு வயசு வரைக்கும் குண்டா, ஜாலியாத்தான் இருந்தாரு. ஆனா நாப்பது வருஷமும் நான் பயந்தேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தாளுக்கு அவ்வளவு காரம் கிடையாது. "இவளுக்கு அந்தப் பயம் வேணாம். டிராகனாவே வரட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சே வரட்டும்."

தவமணி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தலைமுடியிலும் வெங்காயத்தாள் ஒட்டிக்கொண்டது. நான் மூக்கை உறிஞ்சினேன், மெங் விரலைச் சுட்டுக்கொண்டான்.

"அது மட்டுமில்ல" என்றார் லோ அம்மா, உடனே கடைக்காரியாகி. "பழைய சாஸ்திரம் சொல்லுது. ஃபூய்கொங் ஒண்ணு தனியா இருந்தாத்தான் தகராறு. ஒண்ணு மேல ஒண்ணு சேந்தா, அதுதான் பெரிய அமைப்பு. வீட்டுல நான் ஒண்ணு, இவ ஒண்ணு, வருஷமும் டிராகன்!" சாதகத்துக்குள் சேர வேண்டியதை வீட்டுக்குள் சேர்த்துக் கணக்குப் போடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் போட்ட கணக்கின் இலட்சணம்தான் தெரியுமே.

கேக் வெட்டினோமா இல்லையா, அதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார். ஃபூங் கிழவரிடம் போய்த் தவமணிக்குப் புதுச் சாதகம் எழுத வேண்டுமாம். அதோடு சேர்த்துத் தனக்கும், உண்மையான நாளுக்கு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்று.

தவமணி காரின் திறப்புக் கொத்தை எடுத்தாள். லோ அம்மா முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின் ஆசனத்தில் மெங்கும் நானும், எங்கள் மடியில் ஃபூங் கிழவருக்கான பாதிக் கேக். முன்னால் இருவரும் எந்தத் தெருவால் போவது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் உரத்துச் சண்டை பிடித்தார்கள், இருவரும் சேர்ந்து பிழையான தெருவுக்குள் திரும்பினார்கள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அண்ணா, இது பிழையான வழி" என்று மெங் மெதுவாக என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான்.

"பேசாமல் இரு, தம்பி" என்றேன். பின்னாடி போகிற அமைப்பு என்று ஃபூங் கிழவர் மேசையில் அடித்துச் சொன்னது பிழையில்லை. ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். கேக்கைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருவரும் அவர்கள் போன பக்கம் போனோம்.